இரண்டாவது தந்தி

அம்பத்தூர்,
12-7-1943

அன்புள்ள அண்ணாவுக்கு,

வரலட்சுமியின் வணக்கம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே ஓயாத மழையாமே, ஈரத் துணியோடு நிற்க வேண்டாம் என்று அம்மா எழுதச் சொன்னாள். இங்கே நைனா சௌக்கியம், அம்மா சௌக்கியம், நான் சௌக்கியம். இந்த வரிசையில் தாத்தாவை விட்டுவிட்டேன் என்பதைக் கவனித்தாயா? நீ கவனிக்க வேண்டும் என்றுதான் விட்டேன்.

பங்குனியிலிருந்து அவருக்கு இடது கன்னத்தின் உட்பக்கம் ஒரு புண். புகையிலை அடக்கும் இடம். "வாயில புண்ணு வந்தா இன்னா, நாலு நாள்ல ஆறிப்பூடும்" என்று சொல்லிக்கொண்டே அதே இடத்தில் அடக்கினார். மாங்காட்டு வைத்தியரின் சூரணத்துக்கு அது மசியவில்லை. கடைசியில் நம் அம்மா, மாமனார் முன்னால் சத்தமாகப் பேசாதவள், "மாமா, நீங்க ரயில் ஏறலன்னா இந்த ஊட்ல அடுப்பு எரியாது" என்று உலையைக் கவிழ்த்துவிட்டாள். பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புற்று என்று சொன்னார்கள். ஆறு வாரம் தினமும் போய்க் கன்னத்துக்குக் கரண்டு வைத்துக்கொள்ள வேண்டுமாம்.

நீ ஆவடியில் போய்ப் பட்டாளத்துக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து உன் பெயர் அவர் வாயில் வரவில்லை. தன் மாட்டு வண்டிக் கயிற்றை உன் கையில் கொடுக்க நாள் பார்த்து வைத்திருந்தவர் அல்லவா? ஆனால் தபால்காரர் வேம்புலி வரும் நேரத்துக்கு மட்டும் வாசலில் ஏதாவது வேலை வைத்துக்கொள்கிறார். முளைக்குச்சி செதுக்குகிறார். ஒரு மாட்டுக்கு எத்தனை முளைக்குச்சி வேண்டும், நீயே சொல்.

பதில் உடனே எழுது.

உன் தங்கை,
வரலட்சுமி

*

(ஊர் எழுதக் கூடாது)
3-8-1943

அன்புத் தங்கைக்கு,

பரந்தாமன் எழுதுவது. நான் நலம். ஈரத் துணியைப் பற்றி அம்மா கவலைப்பட வேண்டாம். இங்கே காய்ந்த துணி என்று ஒன்று கிடையாது, பழகிவிட்டது.

உன் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். தாத்தாவுக்கு வலி அதிகமா? பேச முடிகிறதா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? முளைக்குச்சி கதையை எழுதி என்னைச் சமாதானப்படுத்தாதே. கேட்டாரா, இல்லையா?

நான் அவரைப் பார்க்க வேண்டும். இங்கே அவசர ரஜா என்று ஒன்று உண்டு. ஊரிலிருந்து தந்தி வந்தால்தான் ஆபீசர் காகிதத்தையே எடுப்பார். "தாத்தா அபாய நிலை" என்று நைனாவை ஒரு தந்தி அடிக்கச் சொல். அது போதும், நான் புறப்பட்டுவிடுவேன். வந்து சேர ஆறு நாள்.

வீட்டில் எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல். தாத்தாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் சாமர்த்தியம்.

பரந்தாமன்

*

அம்பத்தூர்,
30-8-1943

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உன் கடிதம் வந்தபோது நாங்கள் எல்லோரும் வீட்டில்தான் இருந்தோம், எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதுதான் தப்பாகிவிட்டது. அம்மா "அபாயம்" என்ற சொல்லைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"உயிரோட கீற மனுசனை அபாயம்னு எய்துவாங்களா? எய்தினா அது வாசல் வரிக்கும் வந்து குந்திக்கும்" என்கிறாள். நைனா இரண்டு தடவை ஸ்டேஷன் மாஸ்டரிடம் தந்தி அடிக்கப் போனார். இரண்டு தடவையும் வெற்றிலை வாங்கிக்கொண்டு திரும்பிவந்தார். அதையும் தாத்தா கண்ணில் படாமல் ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று.

வைத்தியம் நடக்கிறது. காலை ரயிலில் அம்மா ஒரு நாள், நைனா ஒரு நாள், நான் ஒரு நாள் என்று கூடப் போகிறோம். கேழ்வரகுக் கூழைத் துணியில் வடிகட்டித் தூக்கில் எடுத்துப் போகிறோம். அதைத்தான் விழுங்க முடிகிறது. இடது கன்னம் தீய்ந்தாற்போல் கறுத்துவிட்டது. அந்தப் பக்கம் தாடி முளைப்பதே இல்லை, வலது பக்கம் மட்டும் கொசகொசவென்று வளர்கிறது. கத்தி படக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் அப்படியே விட்டிருக்கிறார். ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். "இன்னா பாக்கறே, இந்தப் பக்கம் கரண்டு, அந்தப் பக்கம் இருட்டு" என்று நேற்று ஒருவரிடம் சொன்னார். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எழுத எனக்கு மனமில்லை.

கேட்டாரா என்று கேட்டாய். கேட்கவில்லை அண்ணா. ஆனால் உன் கடிதத்தைப் படித்தபோது, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

வரலட்சுமி

*

25-9-1943

தங்கைக்கு,

நலம். எல்லோர் நலத்தையும் விரும்புகிறேன்.

கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எங்கள் கம்பெனிக்கு மாதம் ஒரு அவசர ரஜாதான். வேப்பம்பட்டுத் தங்கவேலும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவன் அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை. அவன் ஊர்த் தந்தி வந்துவிட்டது, நம் ஊர்த் தந்தி வரவில்லை. ஆனாலும் இந்த மாதம் என் முறை என்பதால் அவன் வாய் திறக்காமல் காத்திருக்கிறான். நான் எத்தனை நாள் அவனைக் காக்கவைப்பது?

அம்மாவின் காலைப் பிடித்துக் கேட்டதாகச் சொல். என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். தந்தி மட்டும் வரட்டும்.

பரந்தாமன்

*

தந்தி
அம்பத்தூர், 9-10-1943

தாத்தா நேற்றுக் காலமானார். கங்காதரன்.

*

11-10-1943
(தங்கவேல் கையில் கொடுத்தனுப்புவது)

தங்கைக்கு,

நைனா அடித்த தந்தி நேற்று வந்தது. அம்மா எப்படி இருக்கிறாள்? நைனாவைப் பார்த்துக்கொள்.

ரஜா கிடைத்தது. நான் வரவில்லை. நான் ரயில் ஏறி ஆறு நாளில் வந்து யாரைப் பார்க்கப்போகிறேன்? பந்தம் பிடிக்க வேண்டிய ஒரே பேரன் நான். அதற்கும் நேரம் கடந்துவிட்டது. தங்கவேலின் அம்மா இன்னும் இருக்கிறாள். இருக்கிறவளைப் பார்க்க அவன் போகட்டும் என்று என் ரஜாவை அவனுக்கு மாற்றிவிட்டேன். ஆபீசர் ஒப்புக்கொண்டார். காரியத்துக்கு வராத பிள்ளை என்று ஊர் பேசட்டும்.

இங்கே ஒரு ஆறு ஓடுகிறது. காலையில் தலையை மழித்துக்கொண்டு அதில் மூன்று தடவை முங்கினேன். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. என்ன சொல்லி முங்குவது என்று தெரியவில்லை. "தாத்தா, நான்தான்" என்று மட்டும் சொன்னேன்.

வரலட்சுமி, யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். பூந்தமல்லிச் சந்தையிலிருந்து அவருக்குப் புகையிலை வாங்கி வந்தவன் நான். காம்பு பார்த்து, மோந்து பார்த்து, காரமானதாகப் பொறுக்கி வருவேன். அவர் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் அத்தனை தூரம் நடப்பேன். அந்தக் காரம்தான் கன்னத்தைத் தின்றது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

வண்டி ஓட்டுவது கேவலம் என்று நான் பட்டாளத்துக்கு வரவில்லை. ஆவடியில் ராணுவ லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்த்தேன், அதில் ஒன்றை ஓட்ட வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லப் பயந்தேன். புறப்பட்ட அன்று வாசலில் நின்று "போய் வரேன் தாத்தா" என்றேன். அவர் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. தெரு முனை வரைக்கும் நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவர் முதுகுதான் தெரிந்தது.

இப்போது லாரி ஓட்டுகிறேன். மலைப் பாதையில் வளைவு வரும்போதெல்லாம் அவர் மாட்டுக்குக் குரல் கொடுப்பாரே, "ஹோய் ஹோய், நின்னு போ ராசா" என்று, அதைத்தான் சொல்கிறேன். லாரிக்குக் காது இல்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அவர் ஒரு வார்த்தை பேசிக் கேட்டிருக்கலாம். திட்டினாலும் சரி.

பரந்தாமன்

*

அம்பத்தூர்,
24-10-1943
(தங்கவேல் அண்ணன் கையில்)

அண்ணா,

நலம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. முதலில் இதைப் படி: தாத்தா உயிரோடு இருக்கிறார்.

உட்கார்ந்துகொண்டு மீதியைப் படி. உன் கோபக் கடிதம் வந்ததும் நைனா மறுபடியும் தந்தி என்று ஆரம்பித்தார். "அபாயம்" என்று எழுத அம்மா கடைசி வரை ஒப்பவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. துலுக்கானம் மாமா செத்துவிட்டார் என்று ஒரு தடவை ஊரெல்லாம் பொய்ச்சேதி பரவியதே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு அவர் கல்லுக்குண்டு மாதிரி இருபது வருஷமாக இருக்கிறார். "அபாயம்னு எய்தினாதான் ஆகாது. செத்துட்டாருன்னு பொய் சொன்னா ஆயுசு கெட்டி" என்றாள். நைனா தாத்தாவைப் பார்த்தார். தாத்தா, "அடிங்கடா தந்தி. பேரன் வந்தா செரி" என்றார். ஆமாம் அண்ணா. அவர் வாயால். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக.

உங்கள் கடிதங்களை அங்கே பிரித்துப் படிக்கிறார்களே, அதனால் இது பொய் என்று உனக்குத் தபாலில் எழுத நைனா விடவில்லை. "எப்பிடியும் ஆறு நாள்ல நேர்ல வந்து பாக்கப் போறான்" என்றார். செத்தார் என்றால் நீ வராமல் போவாய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே! சாவுக்கு வராமல் யாராவது இருப்பார்களா என்றுதான் நினைத்தோம். நீ சாவுக்கு வர ஆசைப்படவில்லை, அவரைப் பார்க்க ஆசைப்பட்டாய் என்பது எங்கள் மூன்று பேர் மண்டைக்கும் ஏறவில்லை.

தங்கவேல் அண்ணன் வந்தபோது தாத்தா வேப்ப மரத்தடிக் கட்டிலில் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். இவர் அவரை அக்கம்பக்கத்துப் பெரியவர் என்று நினைத்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "திருவேங்கடம் தாத்தா பூட்டாராமே, கடைசியில ரொம்ப கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார்.

தாத்தா குவளையைக் கீழே வைத்தார். "நாந்தான் திருவேங்கடம். அவ்ளோ ஒண்ணும் கஷ்டப்படல. குந்து."

தங்கவேல் அண்ணன் கையிலிருந்த பிஸ்கோத்து டப்பா உருண்டு போய்விட்டது. நான் சிரித்துவிட்டேன். அப்புறம் தாத்தா அவருக்குப் பின்னால் வாசல் படலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் பின்னால வர்றானா?" என்றார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

உன் கடிதத்தை நான் உள்ளே எடுத்துப் போனேன். விடவில்லை. "எனக்கு வந்த சாவு லெட்டர். படி" என்றார். படித்தேன் அண்ணா, ஒரு வரி விடாமல். புகையிலை, லாரி, ஆறு, முதுகு எல்லாம். நாலு தடவை படிக்கவைத்தார். பிறகு மடித்து இடுப்பு வேட்டியில் செருகிக்கொண்டார்.

அவர் சொல்ல நான் எழுதியது கூட இருக்கிறது. தங்கவேல் அண்ணனின் அம்மா, மகன் வந்த மறுநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாளாம். அதையும் தெரிந்துகொள்.

வரலட்சுமி

*

(அதே உறையில்)

செத்துப்போன திருவேங்கடம் சொல்ல, வரலட்சுமி எழுதுகிறாள். அவர் சொன்னபடியே எழுதச் சொன்னார்.

டேய் பரந்தாமா. நல்லா கீறியா? மொட்ட அடிச்சிகினு குளுருல முங்கினியே, தலைய நல்லா தொடச்சியா?

எங்கப்பன் செத்தப்ப நான் எம்மா நேரம் அயுதேன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிபோச்சி. அந்தக் குடுப்பினை யாருக்குக் கெடைக்கும்?

பொகையில நீ வாங்கியாந்த. மென்னது நானு. நீ வாங்கலன்னா நானே பூந்தமல்லிக்கு நடந்திருப்பேன். இத இனிமே பேசாத.

நீ போன அன்னிக்குத் திரும்பிப் பாக்கலன்னு எய்திகிற. நீ தெருமொனை தாண்டினதும் தவிட்டுக் கையோட ரயில் கேட்டு வரிக்கும் ஓடியாந்தேன். கேட்டு மூடிட்டான். உன் ரயில்தான் போச்சி. எந்தப் பொட்டில கீறேன்னு தெரியல. எல்லாப் பொட்டிக்கும் கைய ஆட்டினேன்.

நீ வர்ற அன்னிக்கு டேசனுக்கு வண்டி கட்டிகினு வர்றேன். கவுற உன் கையில குடுப்பேன். ஊடு வரிக்கும் ஓட்டு. அப்பால நீ லாரி ஓட்டு, ஏரோப்ளேன் ஓட்டு. வா.

*

20-11-1943
(ரஜாவில் ஊருக்கு வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புவது)

தாத்தாவுக்கும் தங்கைக்கும்,

பரந்தாமன் வணக்கம். இரண்டு கடிதங்களும் கிடைத்தன. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன், யாரும் முகத்தைப் பார்க்காமல் இருக்க. தாத்தா, அந்த ரயிலில் கடைசிக்கு முந்தின பெட்டியில் இருந்தேன். நீங்கள் ஆட்டியதில் ஒன்று எனக்கு வந்திருக்கும்.

மறுபடி ரஜா கேட்க வழியில்லை. ஆபீசர் புத்தகத்தில் தாத்தா காலமானார் என்று பதிந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் பொய்த் தந்தி அடித்ததாக நைனாவை விசாரிப்பார்கள், சொல்லாவிட்டால் செத்தவரைப் பார்க்க ரஜா கிடையாது. இனி எல்லோருக்கும் முறைப்படி வரும் ரஜாதான். என் முறை மாசி மாதத்துக்கு முன் வராது என்கிறார்கள்.

தாத்தா, மாசி வரைக்கும் இருங்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன சொல்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார் என்று வரலட்சுமி எழுத வேண்டும்.

பரந்தாமன்

*

அம்பத்தூர்,
17-1-1944

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உன்னுடைய இரண்டு கடிதங்களுக்குச் சேர்த்து இந்த ஒரு பதில். வேலை சரியாக இருந்தது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. மாட்டுக் கொம்புக்குத் தாத்தா சொன்ன வர்ணமே பூசினோம். என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டிருந்தாய். பொங்கல் பானையைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம், வாசனை நன்றாக இருக்கிறது என்று கையால் காட்டினார். ஆஸ்பத்திரிக்கு இப்போது போவதில்லை. இனிக் கரண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முளைக்குச்சி செதுக்குவதை நிறுத்திவிட்டார். உன் கடிதம் இடுப்பில்தான் இருக்கிறது. மடிப்பில் கிழிந்துவிட்டதால் அம்மா பின்னால் துணி வைத்துக் கஞ்சிப் பசையால் ஒட்டிக் கொடுத்தாள். நாளுக்கு ஒரு தடவை படிக்கச் சொல்கிறார். இப்போதெல்லாம் "ஹோய் ஹோய்" வரும் இடத்தை மட்டும் படித்தால் போதும் என்கிறார்.

சீக்கிரம் வா.

வரலட்சுமி

*

27-1-1944

தங்கைக்கு,

மாசி பிறக்கும் முன்பே ரஜா கிடைத்துவிட்டது! பிப்ரவரி 5 இங்கிருந்து புறப்படுகிறேன். 11-ஆம் தேதி பட்டணத்தில் இறங்கி, காலை ரயிலில் அம்பத்தூர் வருவேன். தாத்தாவுக்குக் காதில் சத்தமாகச் சொல். வண்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாரே, முடியாவிட்டால் சிரமப்பட வேண்டாம், கட்டிலிலேயே இருக்கட்டும். அங்கே வந்து கயிறு வாங்கிக்கொள்கிறேன்.

நீ போன தடவை ரொம்பச் சுருக்கமாக எழுதியிருந்தாய். பரவாயில்லை. நேரில் பேசிக்கொள்வோம்.

பரந்தாமன்

*

அம்பத்தூர்,
10-2-1944
(தபாலில் போடவில்லை)

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக வந்து சேர்ந்தாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதை நாளைக்கு ரயிலடியில் உன் கையில் கொடுப்பேன். வாயால் சொல்ல எனக்கு முடியாது.

உன் கடிதம் 2-ஆம் தேதி வந்தது. தாத்தாவின் காதில் சத்தமாகத்தான் சொன்னேன். மறுநாள் சவரம் செய்ய செங்கல்வராயனைக் கூப்பிடச் சொன்னார். "அரத் தாடியோட பேரன் எதிர்ல நிக்க மாட்டேன்." அந்த ஒரு வாக்கியத்தை மூன்று தடவையாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வலது பக்கத்தை மழித்து இரண்டு கன்னமும் ஒன்றானதும் கண்ணாடி கேட்டார். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். புகையிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டு ஆட்டுவார் என்று எழுதியிருந்தாயே, அதே மாதிரி.

4-ஆம் தேதி காலை, அம்மா கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

நைனா தந்தி அடிக்க ஓடினார். நான் வாசலில் குறுக்கே நின்றேன். ஏற்கெனவே செத்தவர் என்று எழுதிய புத்தகத்துக்கு இரண்டாவது தந்தி போனால் எல்லாம் வெளியே வந்து உன் ரஜாவே போய்விடும் என்று சொன்னேன். நைனா ஒப்புக்கொண்டார். அது உண்மைதான். ஆனால் என் மனதில் இருந்தது வேறு. போன தடவை அவர் இருக்கும்போதே உன்னை அழவைத்தோம். இந்தத் தடவை நீ ஆறு நாளும், ஒவ்வொரு ஸ்டேஷனிலும், அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நம் ஊருக்குக் கிட்டே வில்லிவாக்கம் ஸ்டேஷன் தாண்டும் வரைக்குமாவது அவர் உனக்கு உயிரோடு இருக்கட்டும் என்று. தப்பு என்றால் என்னை அடி.

பேரன் எங்கே என்று சுடுகாட்டுக்குப் புறப்படும் முன் கேட்டார்கள். பெண்பிள்ளை பிடிக்கலாமா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா நெய்ப்பந்தத்தை ஏற்றி என் கையில் கொடுத்துவிட்டாள். உன் பெயரைச் சொல்லி மூன்று சுற்றுச் சுற்றினேன். உன் கடிதம் அவர் இடுப்பிலேயே போய்விட்டது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பதினாறாம் நாள் காரியம் 19-ஆம் தேதி. அதற்கு நீ இருப்பாய்.

அண்ணா, இங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுது முடித்துக்கொள். வீட்டில் அம்மாவுக்குத் தெம்பு இல்லை. ஆயுசு கெட்டி என்று சொன்னது நான்தானே என்று அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை.

எழுந்ததும் ஸ்டேஷனுக்கு வெளியே வா. தாத்தா சொன்னபடி வண்டி கட்டி நிற்கிறது. நைனா பின்னால்தான் உட்கார்ந்திருப்பார், முன்பலகையில் உட்காரமாட்டார். கயிறு நுகத்தடியில் சுற்றியிருக்கிறது. ஊடு வரைக்கும் நீ ஓட்டு.

உன்
வரலட்சுமி